விதி 42: மஞ்சள் கொடியைச் சரியாக நீட்டுவது எப்படி? சிறு பாய்ப்படகு ரேஸ் நடுவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொல்கொட ஏரியில் காற்று குறைவாக இருக்கும் ஒரு ஞாயிறு காலையில், கிளப் உங்களை ரப்பர் படகில் ஏற்றி, கையில் மஞ்சள் கொடியைத் தந்து, "விதி 42-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினால் என்ன செய்வது, அதுவும் எந்த ஒழுங்கில் செய்வது என்பதற்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விதி தெரியாமல் தடுமாறுவதில்லை, விதியைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒழுங்கு தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். முதலில் கொடியை எடுத்துவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுகிறார்கள்.

பாய்ப்படகு ரேஸிங் விதிப் புத்தகத்தின் விதி 42 சொல்வது சுருக்கமானது. ரேஸில் இருக்கும் படகு காற்றையும் தண்ணீரையும் மட்டுமே வைத்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அப்படியே வைத்திருக்கலாம். பாயையும் படகின் சாய்வையும் சரிசெய்ய உடம்பை அசைக்கலாம், ஆனால் உடம்பால் படகைத் தள்ளக்கூடாது. மற்றதெல்லாம் இதன் விரிவாக்கமும் விதிவிலக்குகளும்தான்.

1. கரையை விட்டுப் புறப்படும் முன்: கொடி நீட்டும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா?

விதி 42-ஐ மீறும் படகைத் தண்ணீரிலேயே தண்டிக்கும் மஞ்சள் கொடிக்கு, ரேஸிங் விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பு பி (P)-தான் உயிர் கொடுக்கிறது. அது தானாக அமலுக்கு வராது. ரேஸ் அறிவித்தலிலோ, அந்தப் போட்டிக்கென்று தரும் அறிவுறுத்தல் தாளான செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸிலோ 'பின்னிணைப்பு பி அமலில் இருக்கும்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் மஞ்சள் துணி. பழைய ரேஸின் தாளை அப்படியே பிரதி எடுத்து ஒட்டும் பழக்கம் நம் கிளப்களில் இருப்பதால், அந்த வரியை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.

அதே தாளில் தண்டனை வரிசையை (எட்டாவது பகுதியில் வருகிறது) மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மூன்றாவது தண்டனை மிகக் கடுமையானது என்பதால், பல போட்டிகளில் அதை நீக்கிவிட்டு, இரண்டாவதற்குரியதையே பிறகு வரும் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வார்கள். இது தெரியாமல் தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகளுக்குத் தவறாகப் பதில் சொல்லிவிடுவீர்கள்.

அடுத்தது வகுப்பு விதி, அதாவது ஒவ்வொரு படகு வகைக்கும் உரிய விதி. ஃபின், 470 போன்ற சில வகுப்புகள் குறிப்பிட்ட காற்று வேகத்துக்கு மேல் பம்பிங், ராக்கிங், ஊச்சிங் மூன்றையும் (இவற்றின் விளக்கம் நான்காவது பகுதியில்) அனுமதிக்கின்றன. ஃபினுக்கு அந்த எல்லை 10 நாட். ரேஸ் குழு ஓ கொடி ஏற்றினால் அனுமதி, ஆர் கொடி ஏற்றினால் பழையபடி தடை. ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ வகைச் சிறு படகுகளை ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்தத் தளர்வு கிடையாது. ஓ கொடி பறந்தாலும் ஸ்கல்லிங் (சுக்கானை ஆட்டுவது) தடைதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். கொழும்பில் பாய்ப்படகு ஓட்டும் குடும்பங்கள் கொஞ்சம்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முடிவில் கணிசமான சொந்த அக்கறை உள்ளவரை அவதானிப்பாளராக நியமிக்கக்கூடாது என்று பின்னிணைப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. மகன் ஓடும் ரேஸில் அப்பா கொடி பிடிக்கக்கூடாது, ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணம் ஆகாது. அப்பாவைத் தொடக்கப் படகில் நேரம் பார்க்க விடுங்கள், வேறொருவரை நியமியுங்கள்.

2. படகில் இருக்க வேண்டியவை

குச்சியில் கட்டிய மஞ்சள் கொடி. குச்சி முக்கியம், ஏனென்றால் கொடியை ஒரு படகை நோக்கி நீட்டிக் காட்ட வேண்டும், கையில் சுருட்டிய துணியால் அது முடியாது. சத்தமான விசில் இரண்டு. நனையாத குறிப்புப் புத்தகம், பென்சில் (பேனா நனைந்த தாளில் எழுதாது). பாய் எண்களின் பட்டியல், இதுவரை யார் யார் எத்தனை தடவை தண்டனை பெற்றார்கள் என்ற கணக்கு, ரேஸ் குழுவோடு பேச ஒரு ரேடியோ. ஃபோனில் குரல் பதிவு ஓடவிட்டால் இன்னும் நல்லது, கண்ணை எடுக்காமலே பார்ப்பதைச் சொல்லிக்கொண்டு போகலாம்.

ஒரு படகில் இரண்டு நடுவர்கள் இருப்பது மிக நல்லது. ஒருவரே கொடி காட்ட விதி இடம் தருகிறது, ஆனாலும் இரண்டு பேரும் ஒரே படகை, ஒரே செயலைப் பார்த்து ஒத்துப்போனால்தான் கொடி என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படகு ஓட்டுவதற்கு நிதானமான கை வேண்டும். தட்டையான ஏரித் தண்ணீரில் உங்கள் மோட்டார் கிளப்பும் அலையே ஒரு ஆப்டிமிஸ்டைக் குலுக்கிவிடும், அப்புறம் அந்தக் குலுக்கலுக்காக அந்தப் பிள்ளையையே தண்டிப்பீர்கள்.

3. போட்டியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் போதும். இன்று மஞ்சள் கொடி உண்டு, முதல் தடவை இரண்டு சுற்று, இரண்டாவது தடவை ரேஸை விட்டு விலக வேண்டும், சந்தேகம் இருந்தால் ரேஸ் முடிந்ததும் வந்து கேளுங்கள். அவ்வளவுதான். விதியை அந்த இடத்தில் விளக்கத் தொடங்காதீர்கள், அரைகுறையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மாலையில் "சேர், காலையில் நீங்கள்தான் சரி என்றீர்கள்" என்று வந்து நிற்பார்கள்.

4. எதைப் பார்க்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும்

விதி பெயர் சொல்லித் தடுப்பவை ஐந்து.

பம்பிங்: பாயைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டு, அல்லது உடம்பை மேலும் கீழுமாகவோ குறுக்காகவோ அசைத்து, விசிறுவது. காற்றின் திசையோ வேகமோ மாறும்போது, அல்லது அலைக்கு ஏற்ப, பாயை இழுத்து விடுவது எத்தனை தடவையானாலும் சரிதான். காரணம் இல்லாமல் இழுப்பதுதான் தவறு. ஆகவே கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, தண்ணீரின் மேல் காற்று போட்ட கருநிறத் திட்டு அந்தப் படகை வந்தடைந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

ராக்கிங்: உடம்பாலோ பாயாலோ சென்டர்போர்டாலோ (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) சுக்கானாலோ படகைத் திரும்பத் திரும்ப உருட்டுவது. நம் ஏரியில் அதிகம் நடப்பது இதுதான். காற்றுக்கு முதுகு காட்டி ஓடும்போது படகு தானாகவே கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஒருவர் அசையாமல், படகு நிலைகுலையும்படி உட்கார்ந்தாலும் அது குற்றமில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை உடம்பை அசைத்து, அதிலிருந்து படகு தொடர்ந்து உருளத் தொடங்கினால் அது தடை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் உங்கள் வேலையில் பாதி.

ஊச்சிங்: உடம்பைச் சட்டென்று முன்னே தள்ளி, சட்டென்று நிறுத்துவது. அலைக்கு ஏற்ப மேல் உடம்பை முன்பின்னாகத் திருப்பி படகின் சாய்வை மாற்றுவது அலை இருக்கும் கடலில் அனுமதிக்கப்பட்டது. தட்டையான தண்ணீரில் அதே அசைவு தடை. கல்கிஸ்ஸைக் கடலில் பழகிய பிள்ளை பொல்கொடவுக்கு வந்து அதையே செய்தால் கொடி வாங்கும், அந்தப் பிள்ளைக்கு அது ஏன் என்று நிச்சயம் விளங்காது, கரையில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்கல்லிங்: சுக்கானைப் பலமாகவோ, படகை முன்னே தள்ளும்படியோ, பின்னே போகாமல் தடுக்கும்படியோ திரும்பத் திரும்ப ஆட்டுவது. தொடக்கக் கோட்டில் இதுதான் முதல் குற்றம். விதிவிலக்கு ஒன்று உண்டு: படகு குளோஸ் ஹால்ட் திசையை (காற்றுக்கு எதிரே இயன்றளவு நெருக்கமாக ஓடும் திசை) விடவும் காற்றின் பக்கம் திரும்பி நின்றுவிட்டால் அல்லது மெதுவாகப் போனால், குளோஸ் ஹால்டுக்குத் திரும்புவதற்காக ஸ்கல் செய்யலாம். ஒரு பக்கம் ஸ்கல் செய்து திரும்பிவிட்டு, அதை ஈடுகட்ட உடனே மறுபக்கம் ஸ்கல் செய்வது தடை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டி கோட்டில் இடம் பிடித்து நிற்கும் ஆப்டிமிஸ்ட்களைப் பார்த்தால் இது உடனே புரியும்.

ஐந்தாவது, காற்று மாற்றத்துக்கோ தந்திரத்துக்கோ சம்பந்தமில்லாமல் திரும்பத் திரும்ப டேக் (படகின் முன்பக்கம் காற்றைக் கடக்கத் திரும்புவது) அல்லது ஜைப் (பின்பக்கம் காற்றைக் கடக்கத் திரும்புவது) செய்வது.

இந்த ஐந்தில் அடங்காத செயலும் படகைத் தெளிவாகத் தள்ளினால் அடிப்படை விதியே அதைத் தடுக்கிறது. "இது பட்டியலில் இல்லையே" என்பது பதில் ஆகாது.

விதிவிலக்குகளில் இரண்டைப் பற்றித்தான் நம் பக்கம் சண்டை வரும். ஒன்று, ரோல் டேக். படகைத் திருப்பும்போது உடம்பால் உருட்டலை அதிகப்படுத்தலாம், ஆனால் திரும்பி முடித்த உடனே படகின் வேகம், அந்த டேக்கே இல்லாமல் ஓடியிருந்தால் இருந்திருக்கும் வேகத்தைவிடக் கூடியிருக்கக்கூடாது. காற்றே இல்லாத காலையில் டேக் முடிந்து படகு பக்கத்துப் படகைத் தாண்டிப் பாய்ந்தால் அது விதிக்கு வெளியே போய்விட்டது. மற்றது, அலையில் சறுக்கவோ பிளேன் செய்யவோ (தண்ணீரின் மேல் எழும்பி வேகமாக ஓடவோ) முடியும் நிலையில் ஒவ்வொரு அலைக்கும் அல்லது காற்றடிக்கும் ஒவ்வொரு பாயையும் ஒரு தடவை இழுக்கலாம் என்ற சலுகை. 'முடியும் நிலையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காலை ஏரியில் யாருடைய படகும் பிளேன் ஆகாது, அப்போது இந்தச் சலுகையே இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நன்றாக வீசும் பிற்பகல்களில் நிலைமை வேறு, அப்போது சலுகை திரும்ப வரும்.

5. எங்கே நிற்பது

தொடக்கத்தில் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், சுக்கான்கள் அங்கிருந்துதான் தெரியும். ஆயத்த சைகை, அதாவது தொடக்கத்துக்கு 4 நிமிடத்துக்கு முந்தியது, ஒலித்த கணத்திலிருந்து படகு ரேஸில் இருப்பதாகக் கணக்கு, விதி 42-உம் அப்போதே தொடங்குகிறது. தொடக்க சைகைக்குப் பிறகுதான் என்று நினைத்து அந்த 4 நிமிடமும் கதைத்துக்கொண்டிருக்கும் நடுவர்கள் ஏராளம். அதற்கு முன்பு செய்தால் குற்றமில்லை என்பதும் அதே அளவு முக்கியம்.

முதல் மார்க் (சுற்றிவர வேண்டிய மிதவை) நோக்கிக் காற்றுக்கு எதிரே ஏறும்போது கூட்டம் கலையும் வரை பின்னாலிருந்து பாருங்கள், டேக் முடியும் கணங்களில் கண் வையுங்கள். காற்றோடு இறங்கும் ஓட்டத்தில்தான் உண்மையான வேலை. படகுகளுக்குப் பின்னால், ஆனால் அவர்களின் காற்றை மறைக்காமல் சற்றுப் பக்கமாக வாருங்கள். மாஸ்டின் (பாய்மரத்தின்) நுனியைக் கரையில் உள்ள ஒரு தென்னை மரத்தோடு சேர்த்துப் பாருங்கள், நுனி எவ்வளவு தூரம், எத்தனை தடவை இரண்டு பக்கமும் போய் வருகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். மரம் அசையாது, உங்கள் படகு ஆடினாலும் உங்கள் கணிப்பு ஆடாது.

ஒரே படகின் பின்னால் நெடுநேரம் ஒட்டிக்கொள்ளாதீர்கள். முன்னால் ஓடுபவர்களை மட்டும் பார்ப்பதும் தவறு. பதினைந்தாவது இடத்தில் ஓடும் பிள்ளை ராக்கிங் செய்தால் பதினாறாவது பிள்ளைதான் நட்டப்படுகிறது, அந்தப் பிள்ளைக்கும் நியாயம் வேண்டும்.

6. தீர்மானிக்கும் ஒழுங்கு

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதெல்லாம். உங்கள் மனதில் வரிசை இப்படி ஓட வேண்டும்.

முதலில் உடம்பு. யார், எதை அசைத்தார்? தோளா, இடுப்பா, ஷீட் (பாயை இழுக்கும் கயிறு) பிடித்த கையா? வாயைத் திறந்து சொல்லுங்கள்: "நீலத் தொப்பி, உள்ளே சாய்கிறார், வெளியே சாய்கிறார், மறுபடி உள்ளே." சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தால் பத்து விநாடியில் நீங்கள் பார்த்ததும் நினைத்ததும் கலந்துவிடும்.

அப்புறம் படகு. அந்த அசைவால் படகுக்கு என்ன ஆனது? மாஸ்ட் உருண்டதா, பாயின் பின் விளிம்பு விசிறியதா, படகு முன்னே போனதா? உடம்பு ஆடியும் படகு ஆடவில்லை என்றால் பெரும்பாலும் பார்க்க ஒன்றுமில்லை. வெளியே தொங்கும் பிள்ளை அசௌகரியத்தில் நெளிவது குற்றமில்லை.

பிறகு காரணம். காற்றோ அலையோ அதைக் கேட்டதா? பக்கத்துப் படகுகளைப் பாருங்கள். அதே தண்ணீரில், அதே காற்றில், மற்ற நான்கு எண்டர்பிரைஸ் வகைப் படகுகளும் அமைதியாக ஓட, ஒன்று மட்டும் உருண்டால் காரணம் இயற்கையில் இல்லை.

கடைசியாக விதிவிலக்கு. படகைத் திருப்புவதற்காக உருட்டலாம் என்று விதி சொல்கிறது. திசை திரும்புகிறதா, உருட்டலும் திருப்பமும் இணைந்திருக்கிறதா? காற்று மோதும் பக்கத்துக்கு எதிராகச் சாய்த்தால் படகு காற்றை நோக்கித் திரும்பும், காற்று வரும் பக்கம் சாய்த்தால் விலகும். சாய்வு ஒரு பக்கமும் திருப்பம் வேறு பக்கமும் போனால் அது திருப்புவதற்கான உருட்டல் இல்லை. திசை மாறினாலும் அலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே தாளத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ராக்கிங்தான்.

நான்குக்கும் பதில் கிடைத்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் கொடி. ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கொடி வேண்டாம், அதே படகைத் தொடர்ந்து பாருங்கள். உண்மையாகவே தவறு செய்பவர் மறுபடி செய்வார். ஆனால் சந்தேகம் தீர்ந்த பிறகும் "பாவம், சின்னப் பிள்ளை" என்று விடாதீர்கள். நீங்கள் விட்டுவிடும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நேர்மையாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சின்னப் பிள்ளை தோற்கிறது.

7. கொடி, விசில், எண்

மூன்றும் ஒன்றாக, இயன்றளவு உடனே: விசில் ஊதுங்கள், கொடியை அந்தப் படகை நோக்கி நீட்டுங்கள், பாய் எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். இதற்காக விசிலுக்கு முன்பே அருகில் போய்ச் சேருங்கள். தூரத்திலிருந்து ஊதினால் மூன்று படகுகள் திரும்பிப் பார்க்கும், ஒன்று சும்மா சுற்றும்.

அந்தப் படகு உங்களைப் பார்த்துவிட்டது என்று உறுதியாகும் வரை கொடியை இறக்காதீர்கள். "சேர், நான் என்ன செய்தேன்?" என்று கேட்டால், ரேஸ் முடிந்ததும் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். படகு ஃபினிஷ் ஆன பிறகும் கொடி காட்ட விதி இடம் தருகிறது, ஆனால் செயல் ரேஸின்போது நடந்திருக்க வேண்டும். ஒரே சம்பவத்துக்கு ஒரே படகை இரண்டாவது தடவை தண்டிக்க முடியாது.

8. தண்டனை முடியும் வரை கூட இருங்கள்

முதல் தடவை: இரண்டு சுற்றுத் தண்டனை. மற்றப் படகுகளிலிருந்து விலகி, தாமதிக்காமல், ஒரே திசையில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் ஒரு டேக்கும் ஒரு ஜைப்பும். சுற்றும்போது மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். ஃபினிஷ் கோட்டருகே என்றால் சுற்றிய பிறகு படகு முழுதாகக் கோட்டின் ரேஸ் பக்கம் வந்து, பிறகுதான் ஃபினிஷ் ஆக வேண்டும். சுற்றாவிட்டால் விசாரணை இல்லாமலே தகுதிநீக்கம்.

இரண்டாவது தடவை: உடனே ரேஸை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் தகுதிநீக்கம், மோசமான ரேஸ் என்று அந்த ரேஸின் புள்ளியை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடவும் முடியாது.

மூன்றாவதும் அதற்கு மேலும்: விலகினாலும் அந்த ரேஸில் கழிக்க முடியாத தகுதிநீக்கம். விலகாவிட்டால் போட்டியின் எல்லா ரேஸ்களிலிருந்தும் தகுதிநீக்கம், அதோடு ஒழுக்கக்கேட்டு விசாரணை நடத்துவதா என்றும் புரொடெஸ்ட் குழு (முறைப்பாடுகளை விசாரிக்கும் குழு) யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரு ரேஸுக்கு இல்லை, முழுப் போட்டிக்கும். சனிக்கிழமை வாங்கிய கொடி ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் இருக்கும். இரண்டாவது நாள் புதிய நடுவர்கள் வந்தால் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரு சுற்று மட்டும் சுற்றிவிட்டு ஓடும் படகுகள் அடிக்கடி மாட்டும், எண்ணாமல் திரும்பி வந்தால் நீங்கள் அதைத் தவறவிடுவீர்கள்.

இன்னொன்று: கொடி காட்டிய பிறகு ரேஸ் ஒத்திவைக்கப்பட்டாலோ, பொது மீளழைப்பு (எல்லாப் படகுகளையும் திரும்ப அழைத்து மறுபடி தொடங்குவது) வந்தாலோ, கைவிடப்பட்டாலோ, அந்தத் தண்டனை ரத்து. சுற்றத் தேவையில்லை. ஆனால் எண்ணிக்கையில் அது நிற்கும். பிள்ளைகளின் பெற்றோரோடு வாக்குவாதம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான், பட்டியலில் அப்போதே எழுதி வையுங்கள்.

9. எழுதுவதும் கரையில் கதைப்பதும்

ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வரி: நேரம், எந்த ரேஸ், எந்தக் கட்டம், பாய் எண், உடம்பு செய்தது, படகுக்கு ஆனது, தண்டனை எடுத்தாரா. "ராக்கிங்" என்று மட்டும் எழுதினால் மாலையில் உங்களுக்கே நினைவு வராது. "இடுப்பை மூன்று தடவை உள்ளே வெளியே, மாஸ்ட் இரண்டு பக்கமும் போனது, அலை இல்லை, நேராக ஓடினார்" என்று எழுதினால் யாருக்கும் விளக்கலாம். பட்டியலை நோட்டிஸ் போர்டில் போடுங்கள்.

கேட்க வரும் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள், அம்மா அப்பா இல்லாமல் தனியாக வந்தால் இன்னும் நல்லது. என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், எப்படி ஓட்ட வேண்டும் என்று பாடம் எடுக்காதீர்கள், அது பயிற்றுநரின் வேலை. கொடிக்கு எதிராக நிவாரணம் கேட்டால், ரேஸ் குழுவின் சைகையையோ வகுப்பு விதியையோ நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் தவிரக் கிடைக்காது. உங்கள் கண்பார்வையின் மேல் மேல்முறையீடு இல்லை என்பதால்தான் ஆறாவது பகுதியின் ஒழுங்கை அவ்வளவு வலியுறுத்தினேன்.

10. பின்னிணைப்பு பி இல்லாத கிளப் ரேஸில்

மஞ்சள் கொடி இல்லை என்பதால் விதி 42 இல்லை என்று ஆகாது. எந்தப் படகும் இன்னொரு படகை எதிர்த்து முறையிடலாம்: முதல் நியாயமான சந்தர்ப்பத்திலேயே "புரொடெஸ்ட்" என்று கத்த வேண்டும். படகு 6 மீட்டரை விடக் குறைவான நீளம் என்றால் சிவப்புக் கொடி தேவையில்லை, ஆகவே ஆப்டிமிஸ்டுக்கும் ஐஎல்சிஏக்கும் எண்டர்பிரைஸுக்கும் சத்தமே போதும். கரைக்கு வந்து எழுத்தில் கொடுத்து, முடிந்தால் பக்கத்தில் ஓடிய மூன்றாவது படகைச் சாட்சியாகக் கூட்டி வர வேண்டும். நடுவர்களாகிய நீங்களும் புரொடெஸ்ட் குழுவின் பெயரில் முறையிடலாம், விசாரணை நடந்தே ஆக வேண்டும்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி: பின்னிணைப்பு பி இல்லாத ரேஸில் விதி 42-ஐ மீறியவர் தானாக இரண்டு சுற்று சுற்றிக் கணக்கைத் தீர்க்க முடியாது. அந்தச் சுற்றுத் தண்டனை, படகுகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் விதிகளை மீறியதற்கானது. தவறு செய்தவர் விலக வேண்டும், அல்லது விசாரணையில் தகுதிநீக்கம். பிள்ளைகளுக்கு இது அதிகம் என்று கிளப் நினைத்தால், அடுத்த ரேஸின் செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸிலேயே விதி 42-க்கும் இரண்டு சுற்று செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அந்த வரியைக் காலைக் கூட்டத்தில் வாசித்தும் காட்டுங்கள்.